அந்த டாக்டர் கேட்டார்

ஐயா செந்தில்,

நீ நலமா என்று கடிதம் எழுதிக் கேட்கும் தூரத்தில் நான் இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் உன் குரல் கேட்கிறது. ஞாயிற்றுக்கிழமை நம் ஃபிளாட் சொசைட்டி கூட்டத்தில் வைக்கப்போகும் மனுவை யாருக்கோ போனில் வாசித்துக்கொண்டிருக்கிறாய். நடுவில் ஓரிடத்தில் உன் குரல் தழைகிறது. உன் அப்பாவைப் பற்றிச் சொல்லும் இடம் அது. அந்த இடம் வரும்போதெல்லாம் நான் காதைப் பொத்திக்கொள்கிறேன். அதனால்தான் பூஜை அலமாரிக்கு முன்னால் உட்கார்ந்து, பிள்ளையார் சுழி போட்டு, இதை எழுதத் தொடங்கியிருக்கிறேன். சுழி போட்டு எழுதுகிற எதிலும் நான் பொய் எழுதியதில்லை என்று உனக்குத் தெரியும். பால் கணக்கானாலும் அப்படித்தான். நான் சொன்ன பொய் வாயால் சொன்னது. அதைத்தான் இப்போது எழுத்தில் திருத்தப்போகிறேன்.

நேரில் சொல்லலாமே என்று நீ கேட்பாய். மூன்று முறை முயன்றேன். "செந்தில், ஒரு விஷயம்" என்று நான் ஆரம்பித்தால் நீ "பிபி மாத்திரை போட்டியாம்மா?" என்கிறாய். போட்டேன் என்கிறேன். பேச்சு அதோடு முடிந்துபோகிறது. உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல எனக்கு தைரியமும் இல்லை. நீ தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய். பட்டிமன்றத்தில் பேசியதைக்கூட ஆங்கில எழுத்தில்தான் எழுதி வைத்திருந்தாய். அது ஒரு விதத்தில் நல்லது, மெதுவாகத்தான் படிப்பாய். நான் சொல்லப்போவதை ஒரே மூச்சில் படித்துவிடக் கூடாது. படித்த பிறகு இதை யாருக்கு வேண்டுமானாலும் காட்டு. கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் வாசித்தாலும் சரி. மூடி வைத்தது போதும்.

பொங்கல் விழாவுக்குக் கேம்ப் பக்கத்து மண்டபத்தில் நம்மூர்க்காரர்கள் எல்லோரும் கூடியிருந்தோமே, அந்த நாளிலிருந்துதான் எனக்கு இந்தப் பயம். பட்டிமன்றத் தலைப்பு, எல்லோருக்கும் இலவச மருத்துவம் வரமா, வம்பா. டி.வி.யிலும் பேப்பரிலும் அப்போது அதுதான் பேச்சு. எந்தெந்த நாட்டில் எப்படி, நம் நாட்டில் ஏன் முடியாது, யார் வரிப்பணம், யார் சோம்பேறி என்று. நான் அதையெல்லாம் எழுத்துக் கூட்டியாவது படித்துவிடுகிறவள். நீ வம்பு என்கிற அணியில் பேசினாய். நன்றாகத்தான் பேசினாய். ஆள் பார்த்துச் சிரிக்க வைத்தாய். எதிரணியில் பேசிய டீச்சரை "உங்க ஸ்கூலை ஃப்ரீயா நடத்துவீங்களா மேடம்?" என்று மடக்கினாய். கடைசியில் சிரிப்பையெல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு, "எங்கப்பா ஒரு இலவச தவாகானாவோட பேஷண்ட்" என்று ஆரம்பித்தாய். "ஒரு கேள்வி. ஒரே ஒரு கேள்வி. மூச்சு வாங்குதான்னு அந்த டாக்டர் ஒரு வார்த்தை கேட்டிருந்தா எங்கப்பா இன்னைக்கு முதல் வரிசையில எங்கம்மா பக்கத்துல உட்கார்ந்திருப்பார். இலவசத்துல மருந்து கிடைக்கும் நடுவர் அவர்களே. கேள்வி கிடைக்காது." மண்டபமே எழுந்து கை தட்டியது. என் பக்கத்தில் இருந்த அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க பிள்ளை அழ வெச்சுட்டான் ஆன்டி" என்றாள். நான் அழவில்லை. கையும் தட்டவில்லை. ஏனென்றால் ஐயா, அந்த டாக்டர் கேட்டார்.

கேட்டார். நீ மேடையில் சொன்ன அதே கேள்வியைத்தான் கேட்டார். பதில் சொன்னவள் நான்.

உனக்கு அப்போது பதிமூன்று வயது. சிஞ்ச்வட்டில் ரயில்வே லைனுக்கு இந்தப் பக்கம் மூன்றாவது மாடியில் ஒற்றை அறையும் சமையலறையும். அப்பாவுக்கு ஃபவுண்டரியில் அச்சு மண் கொத்துகிற காண்டிராக்ட் வேலை. பெர்மனென்ட் ஆட்களுக்குக் கம்பெனி கார்டு உண்டு. அதைக் காட்டினால் மருந்து, படுக்கை, லீவுக்குச் சம்பளம் எல்லாம் கிடைக்கும். அப்பாவுக்குக் கார்டு இல்லை. வராத நாளுக்குக் கூலி இல்லை என்பதோடு, வராதவன் இடத்தில் மறுநாள் வேறு ஆள் நிற்பான். இது உனக்குத் தெரிந்த கதை. தெரியாத ஒன்று சொல்கிறேன். நீங்கள் இருவரும் படியேறி வரும்போது இரண்டாவது மாடித் திருப்பத்தில் அப்பா நின்றுகொண்டு, "ஏலே, பதினாறாம் வாய்பாடு சொல்லு பாப்போம்" என்பார். நீ கிளிப்பிள்ளை மாதிரி சொல்வாய். முடித்ததும் "சபாஷ்" என்று மேலே ஏறுவார். நான் கணக்கில் புலியானது அந்தப் படிக்கட்டில்தான் என்று நீ எத்தனை பேரிடம் பெருமை பேசியிருக்கிறாய்! அவருக்கு உன் வாய்பாடு தேவைப்படவில்லை ஐயா. நீ சொல்லி முடிக்கிற நேரம்தான் தேவைப்பட்டது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, உனக்குத் தெரியாமல் மூச்சு வாங்கிக்கொள்ள. நான் கதவிடுக்கில் பார்த்திருக்கிறேன், வேலை அலுப்பு என்று விட்டுவிட்டேன். அந்த வருஷம் பன்னிரண்டாம் வாய்பாட்டிலிருந்து பதினாறுக்குப் போனார். பிள்ளையை மேலே ஏற்றுகிறார் என்று நானும்தான் நினைத்தேன்.

இருமல் விடாமல் இருந்தது. தலையணை மேல் தலையணை வைத்துப் படுத்தார். "தவாகானாவுக்குப் போயிட்டு வாங்களேன்" என்றால், "லீவு போட்டா உன் முருகனா வந்து மண்ணு கொத்துவான்?" என்று கேலி செய்வார். சரி, நாமே போவோம் என்று ஒரு திங்கட்கிழமை முனிசிபாலிட்டியின் அந்த இலவச ஆஸ்பத்திரிக்கு நான் போனேன். அங்கே மருந்துக்கு நாமே பாட்டில் கொண்டுபோக வேண்டும். ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கழுவிக் காயவைத்துக் கொண்டுபோனேன். வரிசை வாசலைத் தாண்டித் தெருவில் நின்றது. என் முறை வந்தபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. டாக்டர் சின்ன வயசுக்காரர். ஒல்லி. மேஜை மேல் திறக்காத டிபன் டப்பா. "பேஷண்ட் குடே ஆஹே?" என்றார் மராட்டியில். ஆள் எங்கே என்று கேட்கிறார், அது புரிந்தது. "காம்" என்றேன், வேலைக்குப் போயிருக்கிறார் என்று. சலித்துக்கொண்டாலும் பேனாவை எடுத்தார். காய்ச்சல் உண்டா என்று கேட்டார், இல்லை என்றேன். இருமல், உண்டு என்றேன். அப்புறம் கேட்டார்: "தம் லாக்தோ கா?"

நம் ஊரில் தம் என்றால் என்னவென்று உனக்கே தெரியும். பீடி, சிகரெட். தம் அடிக்கிறான் என்றால் உருப்படாதவன். அது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த தம். அந்தச் சொல் அவர் வாயில் வந்ததும் எனக்குச் சுருக்கென்றது. வெளியூர்க்காரி, கிழிந்த செருப்பு, புருஷன் கூலிவேலை, அதனால் பீடி குடிக்கிறவனாகத்தான் இருப்பான் என்று இந்தப் படித்த பிள்ளை நினைக்கிறானே என்று. உன் அப்பா கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே பீடி குடித்தவர்தான். நீ பிறந்தபோது திருச்செந்தூர்க் கடலில் முழுகி, முருகன் மேல் சத்தியம் செய்து விட்டவர். அதற்குப் பிறகு ஒரு பீடி தொட்டதில்லை. எனக்கு அது தாலிக்கு நிகரான பெருமை. நிமிர்ந்து உட்கார்ந்து, எனக்குத் தெரிந்த இந்தியையெல்லாம் திரட்டி, "நஹி நஹி! தம் சோட் தியா, சாப்!" என்றேன். தம்மை விட்டுவிட்டார், ஐயா. தேரா சால் என்று பதிமூன்று வருஷத்தை விரலில் எண்ணியும் காட்டினேன்.

அவர் பேனா நின்றது. என் முகத்தைப் பார்த்தார், என் கழுத்தைப் பார்த்தார், நெற்றியைப் பார்த்தார். அப்புறம் சிரித்துவிட்டு, "அஸ நகா போலூ, பாய்" என்றார். அப்படிச் சொல்லாதே அம்மா என்று அர்த்தம். தன்னடக்கம் போதும் என்கிறார் போலிருக்கிறது என்று நானும் சிரித்தேன். அவர் அர்த்தம் வேறு. இந்த ஊரில் தம் என்றால் மூச்சு. மூச்சு வாங்குகிறதா என்று அவர் கேட்டார். என் புருஷன் மூச்சை விட்டுவிட்டார் என்று நான் சொன்னேன். பொட்டும் தாலியுமாக உட்கார்ந்து, பெருமையாக, விரலை விரித்துக் காட்டிச் சொன்னேன். அவர் இன்னொரு முறை, இல்லைதானே என்பதுபோல, "நாஹி நா?" என்று கேட்டார். "நாஹி" என்றேன். சீட்டில் ஏதோ கோடு கிழித்தார். சிவப்பு மிக்சர் ஊற்றச் சொன்னார். எழுந்தபோது, "த்யான்னா கேவுன் யா" என்று இரண்டு தடவை சொன்னார். அவரை அழைத்துக்கொண்டு வா என்று அர்த்தம். அது எனக்குப் புரிந்தது. புரிந்தும் அழைத்துப் போகவில்லை. அதையும் இதோடு சேர்த்துக்கொள்.

என் கணக்கு நோட்டின் வலது ஓரத்தில் கோடு போட்டு, டாக்டர் கேட்டது, நான் சொன்னது என்று எழுதுவேனே, நினைவிருக்கிறதா? பள்ளிக்கூடம் ஐந்தோடு நின்றவளுக்கு அது ஒரு பழக்கம். எழுதாவிட்டால் மறந்துவிடுவேனோ என்று பயம். அன்று சாயங்காலம் அப்பா கால் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து, "ஏளா, டாக்டர் என்ன சொல்லுதாரு?" என்றார். நோட்டைப் பார்த்து வாசித்தேன். "காய்ச்சல் உண்டாண்ணு கேட்டாரு, இல்லைண்ணேன். தம் உண்டாண்ணு கேட்டாரு, அதெல்லாம் விட்டுப் பதிமூணு வருசம்ணு சொல்லிட்டேன்." அப்பா என்னைப் பார்த்தார். சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்து இருமல் வந்து, கண்ணில் தண்ணீர் வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டார். "நல்ல பதிலுதாம்ளா சொல்லிருக்க" என்றார். நானும் கூடச் சிரித்தேன்.

ஐயா, அவர் இருபது வருஷம் மராட்டிக்காரர்களோடு மண் கொத்தியவர். தம் என்றால் இங்கே என்னவென்று அவருக்குத் தெரியாமல் இருக்குமா? அப்படியானால் ஏன் சொல்லவில்லை? தெரிந்தால் இழுத்துக்கொண்டு போய்விடுவேன், வேலை போய்விடும் என்றா? என் மனம் கோணும் என்றா? இத்தனை வருஷமாக அந்தச் சிரிப்பை வெவ்வேறு விதமாகக் கேட்டுப் பார்க்கிறேன். ஒரு நாள் அதில் பிரியம் கேட்கிறது. ஒரு நாள் பயம் கேட்கிறது. என்னால் முடிவு கட்ட முடியவில்லை. உன்னால் முடிந்தால் சொல்.

பன்னிரண்டாம் நாள் ஃபவுண்டரி வாசலில் விழுந்தார். பக்கத்திலிருந்த தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அவர்கள் நன்றாகத்தான் பார்த்தார்கள், நான் குறை சொல்லவில்லை. சின்ன வயதில் வந்த ஏதோ காய்ச்சல் இருதயத்து வால்வைக் கெடுத்திருக்கிறது, நெஞ்சில் நீர் கோத்துவிட்டது என்றார்கள். அங்கேயும் அந்தப் பெரிய டாக்டர் என்னிடம், "கிதி திவஸ் தம் லாகத் ஹோதா?" என்றார். மறுபடியும் தம். இந்தத் தடவை அவர் தன் நெஞ்சில் கையை வைத்து, மேலும் கீழும் அசைத்துக் காட்டினார். என்னோடு வந்த பக்கத்து வீட்டு லீலா காகூ, "ஸாஸ், ஸாஸ்" என்று மூச்சை இழுத்து விட்டுக் காட்டினாள். எத்தனை நாளாக மூச்சு வாங்கியது? அந்த நொடியில் எனக்கு எல்லாம் புரிந்தது. இரண்டாவது மாடித் திருப்பம், பதினாறாம் வாய்பாடு, தலையணைகள், ஒல்லி டாக்டரின் நின்றுபோன பேனா. மறுநாள் விடியும்போது அப்பா நான் சொன்னபடியே செய்தார்.

சொல் பலிக்கும் என்று நம்புகிறவள் நான். விளக்கை அணை என்று சொல்லாமல் குளிரவை என்று சொல்லி வளர்ந்தவள். அமங்கலமான ஒரு வார்த்தையை என் வாயாலே, அதுவும் சத்தியம் மாதிரி, சொல்லிவிட்டேனே என்று எத்தனை நாள் முருகன் முன்னால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன் தெரியுமா? நீ சிரிப்பாய், "மூடநம்பிக்கைம்மா" என்பாய். பலித்ததோ இல்லையோ, அந்தச் சீட்டில் கிழித்த கோடு என் வார்த்தைதானே? அதை மூடநம்பிக்கை என்று தள்ள முடியாது.

துஷ்டி கேட்க ஊரிலிருந்து உன் பெரியப்பாவும் மற்றவர்களும் வந்தார்கள். "எந்த டாக்டர்ட்ட காட்டுன? என்ன கேட்டான்?" என்றார் பெரியப்பா. நீ என் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தாய், தூங்கவில்லை. என் வாய் சொன்னது: "தர்மாஸ்பத்திரி டாக்டரு மச்சான். ஒரு வார்த்த கேக்கல. தண்ணி மருந்த ஊத்தி அனுப்பிட்டான்." பெரியப்பா தலையில் அடித்துக்கொண்டு, "ஓசியில பாத்தா அப்படித்தான்" என்றார். எல்லோரும் ஆமாம் என்றார்கள். எனக்கு அப்போது என்ன பயம் தெரியுமா? "புருசனைக் கொன்னவ" என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்று. உன் தலை என் மடியில் இருந்து எழுந்துவிடுமோ என்று. அன்று சாயங்காலமே கணக்கு நோட்டின் அந்தப் பக்கத்தின் மேல், காலண்டரிலிருந்து வெட்டிய முருகன் படத்தைச் சோற்றுப் பருக்கையால் ஒட்டினேன். சாமி படத்தை யாரும் பிய்த்துப் பார்க்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். சாமியையே பொய்க்குக் காவல் வைத்தேன்.

நீ அந்தப் பொய்யில் வளர்ந்தாய். இனி வீட்டில் யாரும் இலவச வரிசையில் நிற்கக் கூடாது என்று சொல்லிச் சொல்லிப் படித்தாய். வேலை கிடைத்த முதல் மாதமே கம்பெனி இன்சூரன்ஸ் கார்டில் என் பெயரைச் சேர்த்து, அந்தக் கார்டை என் கையில் வைத்து, "அப்பாவுக்கு இல்லாததும்மா" என்றாய். வாகட்டில் இந்த ஃபிளாட்டை வாங்கினாய். உன்னை இவ்வளவு தூரம் கொண்டுவந்தது அந்தக் கோபம்தான் என்றால், அதன் அடியிலிருந்து கல்லை உருவினால் என்ன சரியும் என்று எனக்குத் தெரியாது. பேசாமலே இருந்துவிட்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

இப்போது நம் காம்பவுண்டுச் சுவருக்கு அடுத்த காலி இடத்தில் முனிசிபாலிட்டி தவாகானா கட்டப்போகிறார்களாம். கூடாது என்று மனு கொடுக்க ஞாயிற்றுக்கிழமை ஓட்டு. நீ செக்ரட்டரி. கூட்டம் சேரும், வண்டி நிற்க இடம் இருக்காது, ஃபிளாட் விலை இறங்கும் என்று மற்றவர்கள் சொல்கிறார்கள். அதற்கெல்லாம் ஆள் ஆளுக்குப் பதில் இருக்கிறது. நீ சொல்லப்போகும் கதைக்கு மட்டும் யாரிடமும் பதில் இருக்காது. செத்துப்போன மனுஷனோடு யார் வாதாடுவார்கள்? ஓட்டு உன் பக்கம் விழும். நான் சொன்ன பொய்யால் விழும்.

நம் வீட்டில் பாத்திரம் தேய்க்க வருகிற சாந்தாபாயின் புருஷன் டைல்ஸ் அறுத்துப் பதிக்கிறவர். போன மாதம் அவள் தொட்டியடியில் நின்றுகொண்டு, சாதாரணமாக, மழை வருகிறது என்பது போல, "மாஜ்யா நவர்யாலா தம் லாக்தோ, ஆஜி" என்றாள். என் வீட்டுக்காரருக்கு மூச்சு வாங்குகிறது என்று. டாக்டரிடம் காட்டினாயா என்று கேட்டேன். தவாகானா தூரம், போனால் ஒரு நாள் கூலி போச்சு, காண்டிராக்டர் வேறு ஆளை வைத்துவிடுவான் என்றாள். வார்த்தைக்கு வார்த்தை அன்று நம் வீட்டில் பேசியது. அப்புறம் ஜன்னல் வழியாக அந்தக் காலி இடத்தைக் காட்டி, இங்கே வந்தால் வேலைக்குப் போகிற வழியில் காட்டிவிடலாம் என்றாள். "சாஹேபான்னா சாங்கா" என்றாள். ஐயாவிடம் சொல்லுங்கள் என்று. "சாங்க்தே" என்று தலையாட்டினேன். சொல்கிறேன் என்று ஒத்துக்கொண்ட சொல் அது. ஒரு மாதமாக நிறைவேறாமல் நிற்கிறது.

உன்னிடம் பாதி சொன்னேன். நீ உடனே, "அவளுக்கு வேணும்னா நானே பிரைவேட்ல காட்றேன்மா. காசைப் பத்தி யோசிக்காத. ஆனா இங்க தவாகானா வேண்டாம்" என்றாய். நீ நல்லவன். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் உனக்குத் தெரிந்தவளாக இருப்பதால் அவளுக்குக் கிடைக்கிறது. அவள் இருக்கும் அந்தத் தகரக் கொட்டகைகளில் உனக்குப் பெயர் தெரியாத எத்தனை பேர்? சிஞ்ச்வட்டில் எங்களுக்குத் தெரிந்த சாஹேப் யாரும் இல்லையே. இலவசம் எல்லாம் உசத்தி என்று நான் சொல்ல வரவில்லை. அந்த வரிசை நீளம்தான். அந்த டாக்டருக்கு நேரம் இல்லைதான். நேரம் இருந்திருந்தால், பேந்தப் பேந்த விழித்தவளிடம் நெஞ்சில் கை வைத்துக் காட்டியிருப்பார். அதனால் இன்னும் நாலு தவாகானா வேண்டும் என்று சொல்வதா, இருப்பதும் வேண்டாம் என்று சொல்வதா? படித்தவன் நீ, யோசித்துப் பார்.

எனக்கு இன்னொரு பயமும் இருக்கிறது. நம் கட்டடத்தில் மூன்றாம் மாடியில் இருக்கும் அந்தப் பையனைக் கம்பெனியில் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் கூப்பிட்டு வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள் அல்லவா? அவன் மனைவிக்கு ஏழாம் மாதம். அவள் லிஃப்டில் என்னிடம், "கார்டும் போச்சு ஆன்டி" என்றாள். அவள் கையிலும் நம் வீட்டு பீரோவில் இருக்கிற மாதிரியே ஒரு கார்டு. அன்றிலிருந்து உன் கார்டை எடுத்துப் பார்க்கிறேன். அதில் உன் பெயருக்கு மேலே கம்பெனி பெயர் பெரிதாக இருக்கிறது. உன் அப்பாவைக் காண்டிராக்ட் ஆள் என்றார்கள். உன்னை என்னவோ இங்கிலீஷில் கௌரவமாகச் சொல்கிறார்கள். ஒரு மத்தியானத்தில் இரண்டும் ஒன்றாகிவிடும் ஐயா. அப்படி ஒரு நாள் வந்தால் நம் பக்கத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு கதவு திறந்திருக்க வேண்டும் என்று நினைப்பது தாயின் சுயநலம்தான். இருக்கட்டும்.

நேற்று முருகனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, ஈரத்துணி வைத்து அந்தப் படத்தை உரித்தேன். முழுதாக வரவில்லை. வேல் மட்டும் நோட்டிலேயே ஒட்டிக்கொண்டது. முகம் கிழிந்தபோது கன்னத்தில் போட்டுக்கொண்டேன். கீழே என் எழுத்து அப்படியே இருக்கிறது: "தம் உண்டா என்றார். இல்லை, விட்டாச்சு என்றேன்." அந்தப் பக்கத்தை இதனுடன் வைத்திருக்கிறேன்.

மனு கொடுப்பதும் கொடுக்காததும் உன் இஷ்டம். ஓட்டும் உன் இஷ்டம். அப்பாவின் கதையைச் சொல்வதானால் முழுதாகச் சொல். பாதி சொன்னால் நான் எழுந்துவிடுவேன். நூறு பேர் முன்னால் பேசியவள் இல்லை நான். அதனால் மராட்டியில் இரண்டே வாக்கியம் பாடம் செய்து வைத்திருக்கிறேன். சாந்தாபாய்தான் திருத்திக் கொடுத்தாள், எதற்கென்று தெரியாமலே. "டாக்டரான்னி விசாரல ஹோத்த. மலா களல நாஹி." டாக்டர் விசாரித்திருந்தார். எனக்குப் புரியவில்லை. விசாரல என்பது நம் விசாரித்தல்தானாம். முதல் முறையாக ஒரு மராட்டிச் சொல் நம் பக்கமும் அதே பொருளில் நிற்கிறது.

என்னைக் கோபித்துக்கொள். எத்தனை நாள் வேண்டுமானாலும் பேசாமல் இரு. அதற்கு முன்னால் ஒரு காரியம் மட்டும் செய். சனிக்கிழமை காலை பாத்ரூமில் பெயர்ந்த டைல்ஸை ஒட்டச் சாந்தாபாயின் புருஷனை வரச் சொல்லியிருக்கிறேன். வேலைக்கு வருகிறவர்கள் லிஃப்டில் ஏறக் கூடாது என்று நீங்கள் எழுதி ஒட்டியிருக்கிறீர்கள், அதனால் படியேறித்தான் வருவார். நாலு மாடி. இரண்டாவது மாடித் திருப்பத்தில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். நீ இறங்கிப் போ. உன் அப்பாவுக்குக் கிடைக்கவில்லை என்று மேடையில் சொன்னாயே, அந்தக் கேள்வியை நீ கேள். உனக்கு மராட்டி நன்றாக வரும். கேட்டுவிட்டுப் பதிலுக்கு நில். சட்டென்று "நாஹி" என்றுதான் சொல்வார், நம்பாதே. அவருக்கு மூச்சு திரும்புகிற வரை அங்கேயே நின்று, மனதுக்குள் பதினாறாம் வாய்பாட்டைச் சொல்லிக்கொண்டிரு. முடிந்ததும் இன்னொரு முறை கேள்.

உன் அம்மா